தும்மாத குழந்தை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் படம் பார்ப்பது வழக்கம். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்ததும் மருமகள் ஜன்னல் துணியை இழுத்து விடுவாள். மகன் பாயை விரித்து, சுவரோரம் தலையணையைச் சாய்த்துக்கொள்வான். பேத்தி தன் போனில் எதையோ தட்டினால் டிவியில் படம் வந்துவிடும். சினிமாக் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்தவள் நான். படம் வீட்டுக்குள் வருவது எனக்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை. நடுவில் யாருக்காவது போன் வந்தால் படத்தை நிறுத்தி வைக்கிறார்கள். கதாநாயகன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். மகன் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்த பிறகுதான் அவன் வாயை மூட முடியும்.

படத்தைவிட எனக்குப் பிடித்தது அது முடிந்த பிறகு நடக்கும் பேச்சு. அவரவர் பார்க்கிற வேலை அவரவர் வாயில் வந்துவிடும். மகனுக்குத் தொப்பூர்ப் பக்கம் பஞ்சர் கடை. படத்தில் லாரி வந்தால் அவன் டிரைவரைப் பார்ப்பதில்லை, டயரைத்தான் பார்ப்பான்.

"டயரு மொட்டையா கெடக்குது. அத வச்சுக்கிட்டு வில்லனத் தொரத்திக்கிட்டு மலையெறங்குறானாம். நம்ம கணவாயா இருந்தா மொத வளைவுலயே கவுந்துருப்பான். படமும் அங்கயே முடிஞ்சிருக்கும்" என்பான்.

மருமகளுக்கு அங்கன்வாடியில் வேலை. "அஞ்சு மாசக் கொழந்தைங்கறாங்க. அது பல்லைக் காட்டிச் சிரிக்குது. எங்க சென்டர்ல வந்து எடை போட்டா உண்மை தெரிஞ்சிரும்" என்பாள். பேத்தி தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். ஆஸ்பத்திரிக் காட்சி வந்தாலே தலையில் அடித்துக்கொள்வாள். குளுக்கோஸ் பாட்டில் தப்பு, ஊசி போட்ட இடம் தப்பு, டாக்டர் கையுறை போட்டுக்கொண்டே போனில் பேசுகிறார் என்று வரிசையாகச் சொல்வாள்.

எல்லாரும் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்புவார்கள்.

"நீங்க சொல்லுங்கத்தே. படம் எப்படி இருந்துச்சுங்க?"

"பரவால்ல."

உடனே சிரிப்பு. "ஆயா இதுவரைக்கும் ஒரு படத்தையாச்சும் நல்லா இல்லன்னு சொல்லியிருக்கா?" என்று பேத்தி கேட்பாள். "நல்லா இருக்குன்னும் சொன்னதில்லடி" என்பான் மகன்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. போன மாதம் பார்த்த ஒரு படத்தில் ஊரே வெட்டிக்கொண்டு செத்தது. கடைசி வரைக்கும் யார் வீட்டிலும் பொழுதோடு அடுப்புப் பற்றவைக்கவில்லை. அத்தனை பேருக்கும் யார் சோறு போட்டார்கள் என்று எனக்கு யோசனை. இன்னொன்றில் பெண்டாட்டி செத்த துக்கத்தில் ஒருவர் பத்து நிமிஷம் மழையில் நின்று அழுதார். அவர் அழுததைவிட, அதற்கு முன்னால் அவள் சேலையை மடித்து வைக்கத் தெரியாமல் சுருட்டி வைத்தார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இதையெல்லாம் நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. வாக்கப்பட்டு வந்த வீட்டிலும் பேச வேண்டிய இடத்தில் எனக்கு முன்னால் வேறொருத்தி இருந்தாள். அவள் பேச்சைக் கேட்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவள். என் ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி நல்லம்பள்ளிப் பக்கத்து இந்த ஊருக்கு வந்தபோது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். சினிமா என்றால் உயிர்.

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குக் கொட்டாய் என்று பெயர். பாதி ஊர்களின் பெயரே கொட்டாய் என்றுதான் முடியும். சினிமா காட்டுகிற இடத்துக்கும் அதே பெயர்தான். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்கா வருஷக்கணக்கில் படம் பார்த்தாள். அவள் புருஷன், எனக்குப் பெரிய மச்சாண்டார், கடலைக்காட்டுக் காவலுக்காக மேட்டுக் கொட்டாயில் இருப்பார். பொழுது சாயும்போது அக்கா சோறு போட்ட தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போய் நிற்பாள்.

"அத்தே, கொட்டாய்க்குப் போய்ட்டு வந்தர்றனுங்க."

"போ. அவன் தின்னு முடிச்சதும் போசிய வாங்கிக்கிட்டு வா."

மேட்டுக் கொட்டாயில் சோறு கொடுத்துவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு அவள் மற்றக் கொட்டாய்க்குப் போவாள். பொய் சொன்னதாக ஆகாது. திரும்பி வர அவ்வளவு நேரம் ஆவது ஏன் என்று மாமியாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "என் பெரியவன் ஒவ்வொரு பருக்கையா மென்னு திங்கறவன்" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் களையெடுப்பில் அக்கா அந்தப் படத்தைச் சொல்வாள். கடலைச் செடிக்கு நடுவே வரிசையாகக் குந்தி, களைக்கொத்தால் கொத்திக்கொண்டே நகர்வோம். அவள் நடு வரிசை. பின்தங்கினால் கதை காதில் விழாது, முன்னால் ஓடினாலும் விழாது. அதனால் எல்லாரும் அவளை ஒட்டியே போவோம். கயிறு கட்டி விட்டதுபோல் வரிசை நேராகப் போகும். வரப்பில் நிற்கும் மாமனாருக்கு ஒரே சந்தோஷம். முடிவை மட்டும் அக்கா எதிர் வரப்பைத் தொட்ட பிறகுதான் சொல்வாள். "கைய வீசுங்கடி. முடிவு அந்தாண்ட வரப்புல கெடக்குது" என்பாள்.

என் வீட்டுக்காரருக்குச் சினிமாவில் நாட்டம் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்க எனக்கும் கூச்சம். திருவிழாச் சமயத்தில் எப்போதாவது போனதோடு சரி. அந்தக் காலத்துப் படங்களில் முக்கால்வாசியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அக்கா வாயால் கேட்டதுதான்.

எனக்கு முதல் குழந்தை பிறந்து அழவில்லை. காட்டோரத்தில் புதைத்தார்கள். சில மாதங்களிலேயே மறுபடியும் வயிற்றில் நின்றது. மாசம் ஏற ஏற எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பிள்ளையும் போய்விடும், கூடவே நானும் போய்விடுவேன் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் களையெடுப்புக்குப் போகும்போது, "வூட்ல மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா பேயிதான் வரும். வந்து வரப்புல ஒக்காருடி" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். புங்கமரத்து நிழலில் நான் உட்கார்ந்தேன். அவள் முந்தின நாள் பார்த்த படத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

புருஷன் ரயிலேறிப் பிழைக்கப் போய்விடுகிறான். வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மாமியார் மருமகளைப் படுத்துகிறாள். மருமகள் நிறைமாசம். மழை. வலி எடுக்கிறது. அக்கா சொன்ன விதத்தில் எனக்கே இடுப்பு வலித்தது. எதிர் வரப்பு வந்துவிட்டது. அவள் முடிவைச் சொன்னாள்.

"கொழந்தை பொறந்துருச்சு. ஆனா அவளுக்குப் பேச்சு மூச்சில்ல. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. மாமியாக்காரி வாயில துணிய வச்சுக்கிட்டு அழறா. அப்பத்தான்டி, ஓரமா சுத்திக் கெடத்தியிருந்த கொழந்தை தும்முச்சு. எல்லாரும் நூறுன்னாங்க. அந்தச் சத்தத்துல அவ கண்ணத் தொறந்துட்டா."

எங்கள் பக்கம் குழந்தை தும்மினால் பக்கத்தில் இருப்பவர்கள் 'நூறு' என்பார்கள். நூறு வயசு வாழட்டும் என்று அர்த்தம். அன்றைக்குக் களை வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நூறு என்றார்கள். நானும் சொன்னேன். சாயங்காலம் இரண்டு உருண்டை களி தின்றேன்.

அடுத்து வந்த நாட்களில் பயம் வரும்போதெல்லாம் அந்தப் பெண் கண்ணைத் திறந்ததைத்தான் நினைத்துக்கொள்வேன். பிரசவ வலியிலும் அதைத்தான் நினைத்தேன். பிறந்தவன்தான் இப்போது பஞ்சர் கடை வைத்திருக்கிற என் மகன்.

இதெல்லாம் எப்போதோ நடந்தது. சில வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்கு ஆயாவுக்காக ஒரு கறுப்பு வெள்ளை" என்று பேத்தி ஒரு பழைய படத்தைப் போட்டாள். ரயில் வந்தது. கிணறு வைத்த வீடு வந்தது. ஒரு கிழவி சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் முன்னே பின்னே பார்க்காத படம், ஆனால் அதில் எல்லா இடமும் எனக்குத் தெரிந்தது. கதாநாயகியின் முகம் மட்டும்தான் புதுசு. இத்தனை வருஷமாக அவளுக்கு நான் வேறு முகம் வைத்திருந்தேன். அக்காவுடைய முகத்தில் கொஞ்சம், என்னுடையதில் கொஞ்சம்.

என்றைக்கும் இல்லாத துணிச்சல் எனக்கு அன்றைக்கு வந்தது.

"இப்பப் பாருங்க, அரிசிப் பானையையும் பூட்டிருவா" என்றேன். கிழவி பூட்டினாள்.

"கெணத்தடில வழுக்கி உழுவா." விழுந்தாள்.

"ஆயா, ஸ்பாய்லர் குடுக்காத!" என்று பேத்தி கத்தினாள். மருமகளுக்கு ஆச்சரியம். "அத்தே இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லீங்க" என்றாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

பிரசவக் காட்சி வந்தது. பேத்தி தலையணையைக் கட்டிக்கொண்டு, "செத்துருவாளா ஆயா?" என்றாள்.

"சாவமாட்டா. இப்பக் கொழந்தை தும்மும். எல்லாரும் நூறும்பாங்க. அவ கண்ணத் தொறந்துருவா. எவ்வளவு நல்ல படம் தெரியுமா இது!"

படத்தில் விளக்கு அணைந்தது. புருஷன் மாட்டுவண்டியில் வந்து இறங்கினான். பாடை கட்டியிருந்தார்கள். சிதை எரிந்தது. வணக்கம் என்று எழுத்து வந்தது. "இருங்க, தும்மும்" என்று நான் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கொழந்தைக்குச் சளி புடிக்கலம்மா. புடிச்சிருந்தா பொழச்சிருப்பா!"

"இது அப்படி முடியாதுடா."

"நீ எங்கம்மா பாத்த?"

"பாக்கல. அக்கா சொன்னாங்க. களையெடுக்கறப்ப."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மருமகள் மகனைப் பார்த்தாள். "பழைய படம், நூறு படம் இருக்கும். ஒண்ணோட ஒண்ணு கலந்துருச்சு போலருக்குதுங்க" என்றாள் மெதுவாக. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "தும்முச்சு" என்று மறுபடியும் சொன்னேன். அப்படிப் பிடிவாதம் பிடித்ததுதான் வினையாகப் போயிற்று.

என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது. செத்துப் போனவர்களுக்குச் சோறு எடுத்து வைப்பார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் மோரை ஊற்றுவார். அவரைப் பார்த்துக்கொண்டது நானும் அக்காவும்தான். மகனும் சின்ன வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவன். அந்த வாரம் முழுவதும் அவன் கண்ணில் அந்தப் பயம் தெரிந்தது.

பேத்தி பரீட்சை வைத்தாள். "ஆயா, மூணு பொருள் சொல்றேன். மாம்பழம், சாவி, குடை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன், சொல்லணும்." அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப் போய் இறக்கினேன். திரும்பி வந்தபோது குடை எங்கேயோ போயிருந்தது. அதோடு என்னை அடுப்பிடம் விடவில்லை. "நீங்க ஒக்காருங்கத்தே, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். அன்பாகத்தான் வாங்கினாள். சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று மகன் போனில் யாரிடமோ விசாரித்தது என் காதில் விழுந்தது.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் குழந்தை தும்மவில்லை என்றால், தும்மியதாக என் மண்டைக்குள் யார் எழுதியது? அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஒரு பிள்ளையைப் பெற்றேன். அதுவே நானாகக் கட்டியது என்றால் மற்றதை எப்படி நம்புவது? என் வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்ன வார்த்தையும், முதல் குழந்தையின் முகமும் என்னிடம் இருப்பது நிஜமாக அவர்களுடையதுதானா? ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று அங்கேயே நின்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அக்காவைக் கேட்டால் தெரிந்துவிடும். அவள் இப்போது மகள் வீட்டில், பென்னாகரம் தாண்டி இருக்கிறாள். போனில் கேட்க முடியாது. அவளுக்குக் காது மந்தம். படம் என்றால் பணமா என்பாள், எவ்வளவு வேணும் என்பாள். நேரில் போக வேண்டும். தனியாக விட மகன் சம்மதிக்கவில்லை. "வழியில எங்கயாச்சும் எறங்கிட்டா?" என்றான். மருமகள் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். ஒகேனக்கல் பஸ்ஸில் அருவிக்குக் குளிக்கப் போகிற கூட்டம். தோளில் துண்டு, கையில் எண்ணெய்ப் பாட்டில், ஒரே சத்தம். இறங்கும்போது மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அங்கன்வாடிப் பிள்ளையை இறக்குகிற மாதிரி.

வாசலில் புளியைக் கொட்டி, சின்னத் தடியால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள் அக்கா. என்னைப் பார்த்ததும் தடியை ஆட்டினாள்.

"வாடி மகராசி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஒக்காரு. இந்தா, ஆளுக்கொரு தடிய எடு. சும்மா பேசறவளுக்கு இந்த வூட்ல காப்பி கெடையாது."

உட்கார்ந்தோம். அவள் நேராகப் படத்துக்குத்தான் வந்தாள். முந்தின நாள் டிவியில் பார்த்த புதுப் படத்தின் கதையைச் சொன்னாள். ஒருத்தி, அவள் புருஷன் குடிகாரன், அவனைத் திருத்த அவள் ஊரை விட்டுப் போகிறாள் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவள் மகள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"சித்தி, நம்பாதீங்க! அவன் புருசன் இல்ல, தம்பி. எங்கம்மாவுக்குத்தான் ஒரு எழவும் காதுல உழுவாதே!"

"காது கேக்கலன்னா என்னா? மூஞ்சி தெரியுதில்ல? கதைய நானே வச்சுக்கறேன்" என்றாள் அக்கா, மகள் உதட்டைப் பார்த்து.

நான் வந்த விஷயத்தை எடுக்க வேண்டும். மருமகள் பக்கத்தில் இருந்தாள். ஒரு குவியல் புளியைத் தட்டி முடித்தேன், அடுத்ததை எடுத்தேன். மருமகளே பொறுக்க முடியாமல் அக்கா காதருகே குனிந்து, அந்தப் படத்தைச் சொன்னாள். ரயில், சாவிக்கொத்து, கிணறு, மழை.

"ஆமா, கொட்டாய்ல பாத்தேன்" என்றாள் அக்கா.

"கடைசில அவ என்ன ஆவாளுங்க, பெரியத்தே?"

"செத்துப் போவா. பாவம். சின்னப் பொண்ணு."

என் கையில் தடி நின்றுவிட்டது. மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகில் கையை வைத்து மெல்லத் தடவினாள். "வெயில் ஏறிரும், கெளம்பலாமுங்கத்தே" என்றாள்.

அந்தக் கை அவ்வளவு ஆதரவாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, கொழந்தை தும்மலையா?"

"என்னா?"

"தும்மலையா?"

"யாரு? யாருக்குத் தும்மலு?"

என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை. எதிர்வீட்டுப் பெண் கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"படத்துல! கொழந்தை தும்முச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க! மேட்டுக் காட்டுல! நான் புங்கமரத்தடில ஒக்காந்திருந்தேன்! நூறுன்னு எல்லாரும் சொன்னோம்!"

அக்கா தடியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைக்கப் போய்ப் புளிக் கை பட்டு எரிந்து, முந்தானையைத் தேடினாள்.

"அடிப்பாவி! அத இன்னுமா வச்சிருக்க?"

மகள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். கண்ணைக் கழுவிக்கொண்டு அக்கா சொன்னாள்.

"மொதப் புள்ளயப் பொதச்சு வருசம் திரும்பல. ரெண்டு கண்ணையும் என் வாயிலயே வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்த. ஏன்டா இந்தப் படத்த ஆரம்பிச்சோம்னு ஆயிருச்சு எனக்கு. வரப்பு கிட்ட வந்துக்கிட்டே இருக்குது. செத்துட்டான்னு உன்கிட்டச் சொல்ல நாக்கு வருமா? என்னா பண்றதுன்னு நான் முழிக்கறப்ப ஆடு மேய்க்கற கெழவன் அந்தாண்ட நின்னு தும்முனான். சட்டுனு அதப் புடிச்சுக்கிட்டேன்."

"மத்தவங்க..." என்றேன். அவள் காதில் விழாது என்று நினைத்து, மறுபடியும் கத்தினேன். "மத்தவங்களுக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? பாதிப் பேரு அதே கொட்டாய்ல அந்தப் படத்தப் பாத்தவளுங்க. என்னாடி இவ இப்படிச் சொல்றாளேன்னு ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்தாளுங்க. அப்பறம் உன்னப் பாத்தாளுங்க. நூறுன்னு மொதல்ல சொன்னது நானில்ல, அவளுங்கதான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்னாடி பாக்கற? மறதின்னு சந்தேகப்பட்டா இழுத்துக்கிட்டு வந்தீங்க? நான் சொன்ன பொய்ய ஒரு சொல்லு மாறாம வச்சிருக்கறாடி உன் மாமியா. மறந்தவ நானு!"

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை மணிக்கட்டை விட்டுவிட்டு விரல்களைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கங்கத்தே" என்று அவள் சொல்ல வந்ததை நான் கேட்க விரும்பவில்லை. பயந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதானே. புளி பிசுபிசுப்பில் இரண்டு பேர் கையும் ஒட்டிக்கொண்டது.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. அக்கா சொன்ன மற்றப் படங்கள். பாம்பு காப்பாற்றியதும், அண்ணன் தங்கச்சி கடைசியில் சேர்ந்ததும், வேலைக்காரி வீட்டுக்கே எஜமானி ஆனதும்.

"அக்கா, வேற எந்தப் படத்தையாச்சும் மாத்துனீங்களா?"

"காது கேக்கல" என்றாள். இந்தத் தடவையும் நான் கத்தித்தான் கேட்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரிக்கே நன்றாகக் கேட்டிருக்கும்.

காப்பி குடித்தோம். ஒரு பை நிறையப் புளி கொடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது அந்தக் களை வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தேன். அநேகம் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்களுக்குள் சண்டை வந்திருக்கிறது, தண்ணீருக்கும் கோழிக்கும் வாய்த் தகராறு வந்திருக்கிறது. ஒருத்தி என்னோடு வருஷக்கணக்கில் பேசவே இல்லை. அந்தச் சண்டையிலும் அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அன்றைக்கு உனக்காக ஒரு பொய்யைக் காப்பாற்றினோம் என்று ஒருத்தியும் கடைசிவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் எல்லாவற்றையும் மகனிடம் சொன்னாள். அக்கா மாதிரியே தடியை ஆட்டிக் காட்டிச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பேத்தி, "அப்ப ஆயா பாஸு" என்று அறிவித்தாள். சிரித்து முடித்த பிறகு மகன் கேட்டான்.

"அப்ப வயித்துல இருந்தது யாரும்மா?"

"வேற யாரு? நீதான்."

அவன் டிவி ரிமோட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். சேலத்துக்குப் போகிற பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். மருமகள் வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்தார்கள். என்ன படம் போடலாம் என்று பேத்தி போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் படம் வேணாம்" என்றான் மகன். "அம்மா, பெரியம்மா சொன்ன மாதிரியே அந்தக் கதையச் சொல்லு."

"எனக்கெல்லாம் வராதுடா."

"வர்ற வரைக்கும் சொல்லு."

மூன்று பேரும் என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு முறம் பச்சைப்பயறை எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். முதலில் குரல் எழும்பவில்லை. ரயில் கிளம்பிய பிறகு கொஞ்சம் வந்தது. சாவிக்கொத்து வந்ததும் மருமகள், "ஐயோ, கல்நெஞ்சக்காரி" என்றாள். "எந்த ஊருக்குப் போற ரயிலு? டிக்கெட்டுக்குக் காசு ஏது?" என்று மகன் குறுக்கே கேட்டான். "நடுவுல பேசுனா நான் சொல்லமாட்டேன்" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மழைக் காட்சிக்கு வந்தபோது அவன் போன் அடித்தது. கணவாயில் ஏதோ லாரிக்குப் பின் டயர் வெடித்து, வண்டி வளைவிலேயே நிற்கிறதாம். உடனே வரச் சொன்னார்கள். எழுந்து சட்டையை மாட்டினான். வண்டிச் சாவியை எடுத்தான். வாசற்படிக்கு வெளியே ஒரு செருப்பைப் போட்டவன் மற்றதைப் போடவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போடா, வண்டி நடுரோட்டுல நிக்குது. வந்து கேட்டுக்கலாம்."

"நின்னா நிக்கட்டும். நீ சொல்லு."

"சீக்கிரமெல்லாம் சொல்ல முடியாது எனக்கு."

"மெதுவாவே சொல்லும்மா" என்றான்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.